வாசகர் கேள்வி – பதில்: பால்சா விமானத்தில் பசை, பட்டி, பூச்சு

பால்சா மரத்தில் மாதிரி விமானம் செய்பவர்களிடமிருந்து வந்த கடிதங்களை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, பறக்கவிடுவதைப் பற்றிய கேள்விகளைவிடப் பசை, பட்டி, பூச்சு ஆகிய மூன்றையும் பற்றிய கேள்விகளே மிகுதியாக இருந்தன. ஆகவே இம்முறை அவற்றுக்கு மட்டுமே இடம் ஒதுக்கியிருக்கிறேன். ஒரே ஐயத்தைப் பலர் எழுப்பியிருந்தால், அவற்றுள் தெளிவாக எழுதப்பட்ட ஒன்றை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: ஐயா, முதன்முறையாகப் பால்சா விமானம் ஒன்றைச் செய்யத் தொடங்கியிருக்கிறேன். வெள்ளைப் பசையே போதும் என்கிறார் ஒருவர். சூப்பர் குளூ இல்லாமல் முடியாது என்கிறார் இன்னொருவர். எபாக்ஸிதான் உறுதி என்கிறார் மூன்றாமவர். நான் எதை வாங்குவது?

பதில்: மூவரும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள், ஆனால் ஒவ்வொருவரும் விமானத்தின் வெவ்வேறு பகுதியை மனத்தில் வைத்துக்கொண்டு பேசியிருக்கிறார்கள். பசையைத் தேர்ந்தெடுக்கும் முன், அந்த மூட்டு என்ன சுமையைத் தாங்கப் போகிறது, அது பின்னர் உப்புத்தாளுக்கு உட்படுமா, எவ்வளவு நேரம் அசையாமல் பிடித்து வைக்க முடியும் என்ற மூன்றையும் கேட்டுக்கொண்டால், பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

இறக்கையின் விலாக்கள், உடற்பகுதியின் சட்டங்கள் போன்ற மரத்தோடு மரம் சேரும் சாதாரண மூட்டுகளுக்கு, தச்சு வேலைக்கென விற்கப்படும் மஞ்சள் நிற அலிபாட்டிக் பசையை நான் முதலில் பரிந்துரைப்பேன். வெள்ளை பி.வி.ஏ. பசையின் உறவினர்தான் அது. ஆனால் வெள்ளைப் பசை காய்ந்த பின்னும் சற்று ரப்பர் போல இருந்து, தேய்க்கும்போது உருண்டு உப்புத்தாளை அடைத்துவிடுகிறது. மஞ்சள் பசை அதைவிடக் கடினமாக இறுகுவதால் ஒழுங்காகத் தேயும். இரண்டிலும் ஏறத்தாழப் பாதி நீர்தான். காயும்போது அது வெளியேறிவிடுவதால், நாம் இட்ட எடையில் ஒரு பகுதி விமானத்தில் தங்குவதில்லை. இரண்டு திரவங்களைக் கலந்து இறுகவிடும் எபாக்ஸிக்கு இந்தச் சலுகை கிடையாது. கலந்து ஊற்றிய எபாக்ஸி அவ்வளவும் விமானத்தோடு பறக்கப் போகிறது. அதன் அடர்த்தி நீரைவிடச் சற்று அதிகம், நடுத்தரப் பால்சாவைப் போல ஏறத்தாழ 7 மடங்கு. ஆகவே எபாக்ஸியை மோட்டார் பொருத்தப்படும் ஒட்டுப்பலகை முன்சுவர், சக்கரக் கால் பதியும் கட்டை, இடது வலது இறக்கைகள் நடுவில் சேரும் இடம் ஆகியவற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அங்கும் 5 நிமிட எபாக்ஸியைவிட 30 நிமிட வகை மேலானது. மெதுவாக இறுகும் வகை மரத்துக்குள் ஊறுவதற்கு நேரம் கிடைக்கிறது. இறுகிய பின் அதன் உறுதியும் அதிகம்.

சூப்பர் குளூ எனப்படும் சயனோஅக்ரிலேட் நீர் போன்றது, நடுத்தரமானது, கெட்டியானது என மூன்று பதங்களில் வரும். நீர் போன்ற வகையை, இரண்டு துண்டுகளையும் இடைவெளியின்றிச் சேர்த்துப் பிடித்த பிறகு, மூட்டின் விளிம்பில் ஒரு துளி தொட்டால் போதும். நுண்துளை ஈர்ப்பினால் அது தானாகவே உள்ளே ஓடிவிடும். ஆனால் இடைவெளி இருந்தால் அதை நிரப்பாமல், இரு பக்க மரமும் அதை உறிஞ்சிக்கொண்டுவிடும். நடுத்தர வகை சிறிய இடைவெளியை மன்னிக்கும். வேகமாக வேலை முடிகிறது என்பதே இப்பசையின் பெருமை. ஒரு நொடி தவறாகப் பிடித்தால் அந்தத் தவறு நிலைத்துவிடுகிறது என்பதே அதன் ஆபத்து. முதல் விமானம் செய்பவர் மூட்டைத் திருத்திக்கொள்ளச் சில நிமிடங்கள் தரும் பசையோடு பழகுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: என் கிளைடரின் இறக்கை, நடுவில் ஒட்டிய இடத்திலேயே பிளந்துவிட்டது. பசையைத் தாராளமாகவே இட்டிருந்தேன். உடைந்த முகத்தில் பசை கண்ணாடி போல மினுங்குகிறது. மரம் அதோடு பெயர்ந்து வரவில்லை. பசை மட்டமானதா?

பதில்: அந்த மினுக்கமே காரணத்தைச் சொல்லிவிட்டது. நல்ல மூட்டு உடையும்போது பசையோடு மரநாரும் கிழிந்து வரும், அல்லது மூட்டுக்கு அருகில் மரமே முறியும். உங்கள் மூட்டில் பசை ஒரு பக்கத்து மரத்தைப் பற்றவே இல்லை. இதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, வெட்டுமுகம். மரத்தின் குறுக்குவெட்டு முகத்தை உருப்பெருக்கியில் பார்த்தால் ஒரு கட்டு உறிஞ்சுகுழல்களை நிறுத்தி வைத்தது போல இருக்கும். அங்கே இட்ட பசையை அக்குழல்கள் உள்ளே இழுத்துக்கொள்வதால் முகப்பில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. இதற்குப் பழைய கைவினைஞர்கள் கடைப்பிடித்த முறை இருமுறைப் பூசல்: முதலில் வெட்டுமுகத்தில் பசையை மெல்லத் தேய்த்துச் சில நிமிடங்கள் காயவிட்டு, குழல்களின் வாய் அடைபட்ட பிறகு இரண்டாவது முறை பசையிட்டுச் சேர்ப்பது. செல்லுலோஸ் பசை மட்டுமே கிடைத்த காலத்தில் இது கட்டாயமாக இருந்தது. எந்தப் பசைக்கும் இது இன்றும் பொருந்துகிறது.

இரண்டாவது, பொருத்தம். இரண்டு முகங்களும் ஒன்றோடொன்று முழுமையாகப் படிகின்றனவா என்பதைப் பசையிடும் முன் வெளிச்சத்தின் எதிரே பிடித்துப் பாருங்கள். கோடாக ஒளி தெரிந்தால், அந்த இடத்தைப் பசை தாங்கப் போவதில்லை. கட்டையில் ஒட்டிய உப்புத்தாளால் தேய்த்துச் சரிசெய்த பிறகே பசைக் குப்பியைத் திறக்க வேண்டும். மூன்றாவது, முன்பே சூப்பர் குளூ ஊறிய முகத்தில் மீண்டும் வேறு பசை இடுவது. உடைந்த மூட்டைப் பழுதுபார்ப்பவர்கள் இதைத்தான் பெரும்பாலும் செய்கிறார்கள். முன்பு ஊறிய பசை துளைகளை அடைத்திருப்பதால் புதிய பசை புகுவதற்கு வழியில்லை. பழைய பசை பரவிய பகுதியைத் தேய்த்தோ வெட்டியோ நீக்கி, புது மரம் தெரிந்த பிறகுதான் ஒட்ட வேண்டும்.

இறக்கையின் நடுமூட்டைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பறக்கும்போது வளைவிசை மிக அதிகமாக இருக்கும் இடம் அதுதான். இரண்டு வெட்டுமுகங்களை நேருக்கு நேர் சேர்த்துவிட்டுப் பசையை நம்பியிருப்பது அங்கே போதாது. இறக்கையின் நீளவாக்கில் ஓடிச் சுமையைத் தாங்கும் ஸ்பார் சட்டங்களின் பக்கவாட்டில் ஒட்டுப்பலகைத் துண்டு ஒன்றைப் பாலமாக வைத்து ஒட்டுங்கள். அல்லது சட்டங்களைச் சாய்வாகச் சீவி, நீண்ட முகத்தோடு ஒன்றன்மேல் ஒன்று படியும்படி இணையுங்கள். சாய்வு நீள நீள, வெட்டுமுகம் குறைந்து பக்கமுகம் கூடுகிறது. பசைக்குப் பிடிமானமும் கூடுகிறது.

கேள்வி: சூப்பர் குளூ பயன்படுத்தும்போது கண் எரிகிறது. ஒருமுறை பருத்தித் துணியால் துடைத்தபோது துணி சூடாகிப் புகையும் வந்தது. பயந்துவிட்டேன்.

பதில்: நீங்கள் பயந்தது சரியே. இப்பசை காற்றிலும் பொருள்களின் மேற்பரப்பிலும் உள்ள ஈரத்தால் தூண்டப்பட்டு இறுகுகிறது. இறுகும்போது வெப்பம் வெளிப்படுகிறது. பருத்தி நார்களில் பரப்பளவு மிக அதிகம் என்பதால், எல்லாம் ஒரே நேரத்தில் இறுகித் தோல் புண்ணாகும் அளவுக்குச் சூடு எழும்பும். ஆகவே இப்பசையைப் பருத்தித் துணியாலோ பஞ்சாலோ துடைக்கக் கூடாது. தளர்வான பால்சாவில் நிறையப் பசை ஊறும்போது மெல்லிய புகை எழுவதும் இதே காரணத்தால்தான்.

கண் எரிச்சலுக்கு, மூட்டுக்கு நேர் மேலே முகத்தைக் கொண்டுபோகாதீர்கள். காற்று உங்கள் பக்கத்திலிருந்து வேலையின் பக்கமாகப் போகும்படி ஒரு சிறிய மின்விசிறியை வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், அடைபட்ட குப்பியின் மூக்கை அழுத்தித் திறக்க முயலும்போதுதான் பசை தெறிக்கிறது. விரல் ஒட்டிக்கொண்டால் பிய்க்காமல், வெதுவெதுப்பான சோப்பு நீரிலோ அசிட்டோனிலோ நனைத்து மெல்ல உருட்டிப் பிரிக்கலாம். கண்ணில் பட்டால் அசிட்டோனைப் பயன்படுத்தவே கூடாது. நீரால் கழுவிவிட்டு, இமையை வலிந்து பிரிக்காமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். சிலருக்கு நாளடைவில் இந்த ஆவியே ஒவ்வாமையாகி, தும்மலும் மூச்சுத்திணறலும் வரும். அப்படி ஓர் அறிகுறி தெரிந்த நாளிலேயே இப்பசையைக் கைவிட்டு மஞ்சள் பசைக்கு மாறிவிடுங்கள்.

கேள்வி: இரண்டு தகடுகளை விளிம்போடு விளிம்பு ஒட்டி அகலமாக்கினேன். தேய்த்து முடித்துப் பூச்சு பூசிய பின், ஒட்டிய கோடு மேடாகத் தெரிகிறது. மேலும் தேய்த்தால் இருபுறமும் பள்ளமாகிறதே ஒழிய, மேடு போகவில்லை.

பதில்: இது பசைக்கும் மரத்துக்கும் இடையில் நடக்கும் போட்டி. உப்புத்தாள் மென்மையானதை வேகமாகவும் கடினமானதை மெதுவாகவும் தின்னும். சூப்பர் குளூ இறுகினால் பால்சாவைவிடப் பன்மடங்கு கடினம். அதனால் நீங்கள் தேய்க்கத் தேய்க்க மரம் மட்டுமே கரைகிறது. வெளிப்பரப்பில் வரப்போகும் எந்தக் கோட்டையும் அப்பசையால் ஒட்டாதீர்கள்.

தகடுகளை இணைக்க நான் பின்பற்றும் முறை இது. முதலில் இரண்டு விளிம்புகளையும் எஃகு அளவுகோலை வைத்து ஒரே நேராக வெட்டிக்கொள்வேன். கடையில் வாங்கிய தகட்டின் விளிம்பு நேராக இருப்பதாக ஒருபோதும் நம்புவதில்லை. பிறகு இரண்டையும் பசையின்றிச் சேர்த்து வைத்து, மேற்பக்கத்தில் நீளவாக்கில் மாஸ்கிங் டேப் ஒட்டுவேன். அதைத் திருப்பினால் டேப் கீல் போல இருந்து, தகடுகள் புத்தகம் போலத் திறக்கும். திறந்த விளிம்பில் மஞ்சள் பசையை மெல்லிய கோடாக விட்டு, மூடி, பிதுங்கியதை ஈரத் துணியால் உடனே துடைத்து, பிளாஸ்டிக் தாள் விரித்த சமதளத்தில் பாரம் ஏற்றி இரவு முழுதும் விட்டுவிட வேண்டும். டேப்பைப் பிரிக்கும்போது மேலே தூக்காமல், பின்னோக்கி மடித்துத் தட்டையாக இழுங்கள். இல்லாவிட்டால் மரத்தின் தோலும் கூடவே வரும்.

உங்கள் தகட்டில் ஏற்கெனவே எழுந்துவிட்ட மேட்டுக்கு, விரலால் தாளை அழுத்தித் தேய்ப்பதை நிறுத்துங்கள். விரல் பள்ளத்தைப் பின்தொடரும். ஒரு சாண் நீளமாவது உள்ள நேரான கட்டையில் புதிய 220 எண் தாளை ஒட்டி, கோட்டுக்குக் குறுக்காகச் சாய்வாக, கட்டையின் எடையைத் தவிர வேறு அழுத்தம் தராமல் தேயுங்கள். தாள் மழுங்கியவுடன் மாற்றிவிடுங்கள். மழுங்கிய தாள் வெட்டாது, அழுத்தத்தான் செய்யும்.

கேள்வி: வெட்டும்போது சில இடங்களில் இடைவெளி விழுந்துவிட்டது, மேசை விளிம்பில் இடித்து ஒரு பள்ளமும் உண்டு. சுவருக்குப் பூசும் பட்டியை வைத்து நிரப்பலாமா?

பதில்: பள்ளத்தையும் இடைவெளியையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். பள்ளத்துக்குப் பெரும்பாலும் பட்டியே தேவையில்லை. இடிபட்ட இடத்தில் மரம் காணாமல் போகவில்லை. அதன் உயிரணுச் சுவர்கள் நசுங்கியிருக்கின்றன, அவ்வளவுதான். அங்கே ஒரு துளி நீரை வைத்து ஊறவிட்டு, ஈரத் துணியின் மேல் சூடான இஸ்திரிப் பெட்டியின் நுனியால் ஒரு கணம் தொட்டால், ஆவி உள்ளே புகுந்து நசுங்கிய மரம் உப்பி எழுந்துவிடும். இரண்டு மூன்று முறை செய்து, நன்றாகக் காயவிட்டு, மெல்லத் தேய்த்தால் தழும்பு தெரியாது. நார் கிழிந்திருந்தால் மட்டும் இது பலிக்காது. மரத்தின் துளைகளை அடைக்கும் சீலர் என்ற பூச்சைப் பூசிய பிறகு நீர் உள்ளே புகாது என்பதால், இந்த வேலையைப் பூச்சுக்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

இடைவெளிக்கு முதல் மருந்து பால்சாவே. ஒரு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட எந்த இடைவெளியிலும், அதே நாரோட்டத்தில் சீவிய மெல்லிய ஆப்பு ஒன்றைப் பசையோடு செருகி, காய்ந்த பின் சமமாக வெட்டிவிடுங்கள். அது எடையில் மரம், வலுவில் மரம், தேய்ப்பிலும் மரம். சுவர்ப் பட்டியில் சுண்ணாம்புத்தூள் போன்ற கனமான கனிமப்பொடிகள் இருப்பதால், எடையும் அதிகம், பால்சாவைவிடக் கடினமும் கூட. முன் கேள்வியில் சொன்ன மேடு அங்கேயும் எழும். மயிரிழைக் கோடுகளுக்கும் ஊசித் துளைகளுக்கும் மட்டும், மாதிரி விமானங்களுக்கெனவே விற்கப்படும், கையில் எடுத்தால் பஞ்சு போலக் கனமற்றிருக்கும் இலேசான பட்டியைப் பயன்படுத்துங்கள். அதன் எடைக்குறைவுக்குக் காரணம், அதில் கலந்திருக்கும் உள்ளீடற்ற நுண்குமிழ்கள். பிளாஸ்டிக் அட்டையால் வழித்து மெல்லியதாக இடுங்கள். காயும்போது சற்றுச் சுருங்குவதால், ஒரே முறை தடிமனாக இடுவதைவிட இருமுறை மெல்லியதாக இடுவதே நல்லது.

தேய்க்கும்போது விழும் பால்சாத் தூளைச் சேர்த்து வைத்து, சீலரிலோ, தாளை இறுக்கப் பூசும் டோப் என்ற செல்லுலோஸ் வார்னிஷிலோ குழைத்துப் பட்டியாக்கும் பழைய வழக்கமும் உண்டு. நிறம் மரத்தோடு ஒத்துப்போவதால், ஒளிபுகும் தாள் ஒட்டப்போகும் விமானத்துக்கு அதுவே அழகு. ஆனால் அதே தூளை இடைவெளியில் திணித்து மேலே சூப்பர் குளூ விட்டால் அது கல்லாகிவிடும்; உள்மூட்டுகளில் அது உதவும், வெளிப்பரப்பில் கூடாது. இறக்கை உடலோடு சேரும் இடத்தில் வளைவான ஓரம் தேவைப்பட்டால், எபாக்ஸியில் நுண்குமிழ்த் தூளைத் தேன்கூழ்ப் பதம் வரக் கலந்து, விரல்நுனியை ஆல்கஹாலில் நனைத்து வழித்துவிடலாம். கையுறையோடுதான்.

கேள்வி: இறக்கையின் முன்விளிம்பின்மேல் தகட்டை வளைத்து ஒட்டும்போது ஒவ்வொரு முறையும் விரிசல் விடுகிறது.

பதில்: குறை உங்கள் கையில் இல்லை, தகட்டின் வெட்டில் இருக்கிறது. அடிமரத்திலிருந்து எந்தத் திசையில் அறுக்கப்பட்டது என்பதைப் பொறுத்துப் பால்சாத் தகடு மூன்று குணம் காட்டும். நீண்ட நார்க்கோடுகள் மட்டும் தெரியும் ஏ வகை குறுக்காக எளிதில் வளையும். மீன் செதில் போலப் புள்ளி மினுங்கும் சி வகை விறைப்பானது, விலாக்களுக்கு ஏற்றது, வளைத்தால் பிளக்கும். பி வகை இடைப்பட்டது. நீங்கள் சி வகையை வளைக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஏ வகையை எடுத்து, வளைவின் வெளிப்புறம் வரும் முகத்தை மட்டும் நீரால் நனைத்துச் சில நிமிடங்கள் விடுங்கள். தகடு தானாகவே வளையத் தொடங்கும். அப்படியே இறக்கையின்மேல் கட்டி வைத்து, முழுதும் காய்ந்த பின் பிரித்துப் பசையிட்டு ஒட்டலாம்.

கேள்வி: சீலர் எத்தனை முறை பூச வேண்டும்? ஒவ்வொரு பூச்சுக்குப் பின்னும் மரம் சொரசொரப்பாகிவிடுகிறது.

பதில்: முதல் பூச்சுக்குப் பின் எழும் சொரசொரப்பு, தேய்த்தபோது படுத்திருந்த நார்முனைகள் திரவம் பட்டு எழுந்து நின்று இறுகியதால் வருவது. அது தேவையானதே, இப்போதுதான் அவற்றை 320 எண் தாளால் சுத்தமாகச் சீவ முடியும். தின்னர் சேர்த்து மெல்லியதாகப் பூசுவது, நன்றாகக் காயவிடுவது, பூசியதில் பெரும்பகுதியைத் தேய்த்து எடுத்துவிடுவது என்பதே முறை. துளைகளுக்குள் நிற்பது மட்டும் போதும்; மேலே படலமாக நிற்பது வீண் எடை. பொதுவாக இரண்டு அல்லது மூன்று சுற்றில் பரப்பு கண்ணாடிபோல் ஆகிவிடும். ஒவ்வொரு சுற்றிலும் தூசியை மென்தூரிகையால் முழுதும் அகற்றுங்கள். முகமூடி அணியுங்கள், பால்சாத் தூசி நுரையீரலுக்கு நல்லதல்ல.

எண்ணிக்கையைவிடத் தராசை நம்புவதே நான் கற்றுக்கொண்ட பழக்கம். 0.1 கிராம் வரை காட்டும் சிறிய மின்னணுத் தராசு ஒன்று மேசையில் இருக்கட்டும். மரத்தை வாங்கும்போதே அது பயன்படும்: 1.5 மி.மீ. தடிமனும் 75 மி.மீ. அகலமும் 915 மி.மீ. நீளமும் உள்ள ஒரு தகட்டின் கன அளவு ஏறத்தாழ 103 கன சென்டிமீட்டர். அது 10 கிராம் இருந்தால் அடர்த்தி கன மீட்டருக்கு 100 கிலோ, அதாவது இலேசான மரம். 20 கிராம் இருந்தால் 200 கிலோ, கனத்த மரம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பூச்சிலும் அப்படியே: பூசும் முன் எடையைக் குறித்து, தேய்த்த பின் எடையைக் குறித்தால், எந்தச் சுற்றோடு நிறுத்த வேண்டும் என்பது தானாகத் தெரியும். கட்டடத்துக்குள் ரப்பர் முறுக்கில் பறக்கும் பன்னாட்டு எஃப்1டி வகுப்பில், ரப்பரை நீக்கிய விமானத்தின் குறைந்தபட்ச எடை வெறும் 1.4 கிராம். அதைச் செய்பவர்கள் பசையையே தின்னரில் கரைத்து ஊசிமுனையால் வைக்கிறார்கள். நம் விமானங்களுக்கு அத்தனை கண்டிப்பு வேண்டாம். அந்தக் கண் இருந்தால் போதும்.

கேள்வி: பால்சா இவ்வளவு மென்மையாக இருக்கிறதே, இது மென்மர வகைதானே? வீட்டில் வாதம் நடக்கிறது.

பதில்: தாவரவியல்படி இது வன்மரம். வன்மரம், மென்மரம் என்ற பிரிவு மரத்தின் இறுக்கத்தை வைத்து வகுக்கப்பட்டதன்று. பூக்கும் அகன்ற இலை மரங்கள் வன்மரம், ஊசியிலை மரங்கள் மென்மரம். ஓக்ரோமா பிரமிடேல் என்ற இந்த மரம் நம் பருத்தி, செம்பருத்தி ஆகியவற்றின் குடும்பமான மால்வேசியைச் சேர்ந்தது. உலகச் சந்தைக்கு மிகுதியாக வருவது ஈக்வடாரிலிருந்து. ஸ்பானிய மொழியில் பால்சா என்றால் தெப்பம்.

கேள்வி: இறக்கைக்கு மெல்லிய டிஷ்யூ தாள் ஒட்டி டோப் பூசினேன். ஒரு பக்கம் வெண்மையாகப் பூத்துவிட்டது. மறுநாள் பார்த்தால் இறக்கையும் முறுக்கிக்கொண்டிருக்கிறது.

பதில்: இரண்டும் வெவ்வேறு நோய்கள். வெண்பூப்புக்குக் காரணம் ஈரப்பதம். டோப்பிலுள்ள தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்த நாளில் அந்தக் குளிர்ந்த பரப்பில் நீர் படிந்து, படலத்தை வெளுக்கச் செய்கிறது. மழை நாளில் டோப் பூசாதிருப்பதே சிறந்தது. பூசியாக வேண்டுமானால், மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் என்ற கரைப்பானைச் சிறிது சேர்த்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே வெளுத்த இடத்தில், உலர்ந்த நாளொன்றில் ரிடார்டர் கலந்த தின்னரை மெல்லப் பூசினால் படலம் இளகி மீண்டும் தெளிந்துவிடும்.

முறுக்கலுக்குக் காரணம், தாளும் டோப்பும் சுருங்கும்போது இறக்கை கட்டற்றுக் கிடந்தது. தாளை ஒட்டும்போது அதன் நாரோட்டம் இறக்கையின் நீளவாக்கில் இருக்கட்டும். மேலும் கீழும் ஒரே இறுக்கத்தில் ஒட்டுங்கள். நீரைப் பனிபோலத் தெளித்து இறுக்கும்போதும், பிறகு பாதிக்குப் பாதி தின்னர் கலந்த டோப்பை இரண்டு மூன்று முறை பூசும்போதும், ஒவ்வொரு முறையும் கீழே சிறு மரத்துண்டுகளை வைத்து, காற்றோட்டம் இருக்கும்படி, சமதளப் பலகையில் குண்டூசியால் பிணைத்தே காயவிடுங்கள். நைட்ரேட் டோப்பில் சில துளி விளக்கெண்ணெய் சேர்த்தால் படலம் நெகிழ்ச்சி பெற்று, நாட்பட்ட சுருக்கம் குறையும். இப்போதுள்ள முறுக்கலை நீக்க, கொதிநீர் ஆவியில் இறக்கையைக் காட்டி, எதிர்ப்பக்கம் சற்று அதிகமாகவே முறுக்கி, ஆறும்வரை பிடித்திருங்கள். ஆனால் வரைபடத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்: இறக்கை நுனியின் பின்விளிம்பு சில மில்லிமீட்டர் உயர்ந்திருப்பது, நுனி முதலில் விசையிழந்து சாயாமலிருக்க வேண்டுமென்றே கொடுக்கப்பட்ட முறுக்காக இருக்கலாம், அதை நிமிர்த்திவிடாதீர்கள். டோப்பின் ஆவி எளிதில் தீப்பற்றும் என்பதால், கொதிகலனும் டோப் குப்பியும் ஒரே அறையில் இருக்க வேண்டாம்.

கேள்வி: மெத்தனால் எரிபொருளில் ஓடும் குளோ எஞ்சின் விமானத்துக்கு எந்தப் பூச்சு நிற்கும்? முன்பு பூசிய எனாமல் பிசுபிசுத்துவிட்டது.

பதில்: மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் பல சாதாரணப் பெயின்ட்களை இளக்கிவிடும். நைட்ரேட் டோப்பும் அதைத் தாங்காது. பியூட்டிரேட் டோப் தாங்கும். நைட்ரேட் நன்றாகப் பற்றும் என்பதால் அடியில் அதையும், மேலே பியூட்டிரேட்டையும் பூசுவது வழக்கம். வரிசையை மாற்றினால் மேற்படலம் உரிந்து வரும்.

இன்னும் உறுதி வேண்டுமானால், சதுர மீட்டருக்கு 25 கிராம் அளவுள்ள மிக மெல்லிய கண்ணாடியிழைத் துணியை உலர்வாக மரத்தின்மேல் விரித்து, நடுவில் சிறிது மெல்லிய எபாக்ஸி ரெசினை ஊற்றி, பிளாஸ்டிக் அட்டையால் விளிம்பை நோக்கி இழுத்துப் பரப்புங்கள். துணியின் நெசவு தெரியும் அளவுக்குத்தான் ரெசின் இருக்க வேண்டும். மிகுதியை எடுக்க, டாய்லெட் பேப்பர் சுருளை அதன்மேல் உருட்டி, நனைந்த சுற்றைக் கிழித்துவிட்டு மீண்டும் உருட்டுவது எளிய வழி. இறுகிய பின் மெல்லத் தேய்த்து, இரு பகுதிப் பாலியூரிதேன் பெயின்டை அடியுங்கள். அதைத் தெளிப்பானால் அடிப்பதாக இருந்தால் சாதாரண முகமூடி போதாது, உரிய சுவாசக் கவசம் வேண்டும். எதைப் பூசினாலும், அதே வேளையில் ஒரு கழிவுத் துண்டிலும் பூசி, ஒரு வாரம் கழித்து அதில் எரிபொருளை ஒரு துளி விட்டுச் சோதித்த பிறகு எஞ்சினை ஓட்டுங்கள். மின்மோட்டார் விமானத்துக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை; இஸ்திரியால் ஒட்டும் பிலிம் அதற்கு இலேசாகவும் போதுமானதாகவும் இருக்கும். ஆனால் பிலிம் எதையும் மறைக்காது. அடியில் கிடக்கும் ஒரு மணல் துகள்கூட வெயிலில் தெரியும்.

கேள்வி: மிக அழகாகப் பெயின்ட் அடித்து முடித்தேன். இப்போது ஈர்ப்பு மையம் பின்னால் போய்விட்டது. மூக்கில் ஈயம் வைக்கச் சொல்கிறார்கள். வேறு வழியில்லையா?

பதில்: உங்கள் உழைப்பு வீணாகிவிடக் கூடாது என்ற அக்கறையோடுதான் சொல்கிறேன்: ஈயம் வைக்கும் முன் வாலைத் தராசில் வையுங்கள். ஈர்ப்பு மையத்திலிருந்து வால் 60 செ.மீ. பின்னாலும் மூக்கு 20 செ.மீ. முன்னாலும் இருந்தால், வாலில் ஏறிய 10 கிராம் பெயின்டைச் சமன்செய்ய மூக்கில் 30 கிராம் வேண்டும். மொத்தத்தில் விமானம் 40 கிராம் கனத்துவிடும். முதலில் பேட்டரியை எவ்வளவு முன்னால் நகர்த்த முடியும் என்று பாருங்கள். ரேடியோ அலையைப் பெறும் ரிசீவரையும், சுக்கான்களை அசைக்கும் சர்வோக்களையும் நகர்த்த இடமிருந்தால் அதையும் செய்யுங்கள். அது போதவில்லையென்றால், கிடைவாலையும் நிலைவாலையும் மட்டும் 400 எண் தாளால் ஈரத்தேய்ப்பாகத் தேய்த்து, நிறத்தை மரத்தின் சீலர் வரை குறைத்து, ஒரே ஒரு மெல்லிய பூச்சோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மரம் திறந்திருக்கும் இடத்தில் நீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வரைபடத்தில் குறித்த இடத்தில் இரு விரல்களால் இறக்கையைத் தாங்கும்போது மூக்கு மிகச் சற்றே கீழே சாய்ந்தால் போதும். அதற்கு மேல் தேவைப்படும் ஈயத்தை அப்போது தயங்காமல் வைக்கலாம்.